சிவப்புக்கு மேலே ஒரு வெள்ளை வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிவப்பு வரியிலிருந்து கிடைத்தது: ‘அடையாளம் செல்லாது. இணைப்பு மறுக்கப்பட்டது.’ கணினி தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவில் அந்த வரி கொட்டு கொட்டென்று கொட்டியது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: மருத்துவமனையின் கணினி அறையில் மயான அமைதி...

(வேண்டாம். அங்கே ஏசி லாரி மாதிரி உறுமும்.)

இரண்டாவது: வாயே திறக்காததால் ‘ஸ்பீக்கர்’ என்று பெயர் வாங்கிய பெண் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நிற்கும்.

2

“யாரோ சிஸ்டத்துக்குள்ள புகுந்துட்டான்,” என்றார் பிரிவுத் தலைவர். “நெட் கேபிளைப் பிடுங்கிட்டு சாஃப்ட்வேர் எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஏத்துவோம்.”

“எவ்வளவு நேரம் ஆகும் சார்?” பக்கத்து நாற்காலி அக்கா கேட்டாள்.

“சாயங்காலம் ஆயிடும்.”

“ரத்த வங்கி ரிப்போர்ட் வரலைன்னு ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து மறுபடி போன். ஆளைப் படுக்க வச்சிட்டுக் காத்திருக்காங்க.”

“திருடனை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்னைச் சமைக்கச் சொல்றியா?”

(தாளில் எழுதி அனுப்பினால் என்ன என்பீர்கள். ஒரு எழுத்து மாறி வேறு ரத்தம் ஏறினால்?)

(தலைவரை முதலில் வில்லனாக்கினேன். ஒட்டவில்லை. பயந்துபோன நல்ல மனிதர், அவ்வளவுதான்.)

3

சிவப்பு வரிகளை மட்டும் வடிகட்டிப் படிப்பது அந்த அறையின் வழக்கம். ஸ்பீக்கர் வடிகட்டியை எடுத்துவிட்டுக் கீழிருந்து மேலே போனாள். முதல் சிவப்புக்கு மேலே, சாதுவாக ஒரு வெள்ளை வரி: ‘கடிகாரம் ஒரு நாள் பின்னால் மாற்றப்பட்டது.’

இங்கே எனக்கே கை பரபரத்தது. மற்ற கணினிகள் உள்ளே வரக் காட்டும் அடையாளச் சீட்டுகள் இன்று காலைதான் புதுப்பிக்கப்பட்டவை. நேற்றில் நிற்கும் கணினிக்கு அவை இன்னும் பிறக்கவே இல்லை. எப்படி உள்ளே விடும்? திருடனே கிடையாது. தேதியைத் திருத்தினால் போதும், ரிப்போர்ட் தியேட்டருக்குப் பறந்துவிடும்!

மாற்றியவர் பெயரும் அதே வரியில் இருந்தது. காலையில் கணினியின் கடிகார பேட்டரியை மாற்றியபோது தேதியைத் தப்பாகப் போட்டவர் பிரிவுத் தலைவர்.

4

முடிவு அ: அவள் கத்துகிறாள். (அவளா?)

முடிவு ஆ: அக்கா தற்செயலாக எட்டிப் பார்க்கிறாள். (இது என் சோம்பேறித்தனம்.)

முடிவு இ: அவளே சத்தமில்லாமல் தேதியை... (அந்த அனுமதி தலைவருக்கு மட்டும்தான்.)

தலைவரின் கை கேபிளில் இருக்கிறது. ஸ்பீக்கர் எழுந்து நிற்கிறாள். அறையே திரும்புகிறது.

“என்னம்மா?”

“சார், காலையில நீங்க...”

இதற்கு மேல் நான் எழுதினால், ‘ஒண்ணுமில்ல சார்’ என்று உட்கார்ந்துவிடுவாள். என்னை எனக்குத் தெரியும். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். ஏசி உறுமுகிறது, கொஞ்சம் சத்தமாக.