மகன், கிளிநொச்சி

2008இல் எல்கடுவ தேயிலைத் தோட்டத்துக்கு இன்டர்நெட் நிலையம் வேண்டுமா என்று மக்களிடமே கேட்க ஓர் அதிகாரி வந்தார். சொந்தபந்தம் தூரத்தில் இருப்பவர்கள் அதிகமுள்ள தோட்டத்துக்கே முதலிடம் என்று சொல்லி, ஆளுக்கொரு படிவம் நீட்டினார்.

“கேக்கிறப்பவே கூட்டிக் கேக்கணும். தூரமா எழுதுங்க,” என்றார் தோட்டத் தலைவர் பழனிமுத்து.

மிளகு வாங்கப் போன நான் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். சுந்தரம்மாவின் மகன் சிவலிங்கம் மாத்தளையில் என் கடையில்தான் மூட்டை தூக்கினான்.

“மாத்தளைன்னா பஸ்ல போன்னு சொல்லிருவாங்க முதலாளி. கிளிநொச்சின்னு போடுங்க,” என்று சிரித்தாள். விலையைக் கூட்டிச் சொல்லிப் பழகியவன் நான், வடக்கே புலிகள் கையிலிருந்த ஊர் என்று யோசிக்காமல் போட்டேன்.

நிலையம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பொலிஸ் ஜீப் என் கடை வாசலில் நின்றது. உள்ளே சுந்தரம்மா. பொலிஸ் அதிகாரியின் கையில் நான் எழுதிய அந்தப் படிவம்.

“கிளிநொச்சியிலிருந்து எப்போது வந்தாய்?” என்று கேட்டுச் சிவலிங்கத்தை ஏற்றினார்கள்.

“அவன் அங்க போனதே இல்லீங்க சார். இன்டர்நெட்டுக்காகச் சொன்ன பொய்யுங்க.”

“அப்படியானால் இந்தப் பொய்யை எழுதியது யார்?”

சுந்தரம்மா என்னைப் பார்த்தாள்.

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜீப் போன பிறகும் துடைத்தேன்.

சிவலிங்கம் திரும்பவேயில்லை.