எந்த வருசத்து அழகுபாண்டி

கப்பலூர் தொழிற்பேட்டைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அந்தப் பேச்சு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. 2012ஆம் வருசத்து அழகுபாண்டியையும் 2016ஆம் வருசத்து ஜூடுவையும் ஒரே ரிங்கில் ஏற்றிவிட்டால் யார் ஜெயிப்பார்கள்? அவனவனுக்கு வீட்டில் ஆயிரம் சோலி கிடக்கும். இதற்கு மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இருவரும் ஒரே கிளப்பில் வளர்ந்த ஹெவிவெயிட் பாக்ஸர்கள். அவனுக்கு 2012, இவனுக்கு 2016 உச்சம். தன் பிள்ளைகளைத் தங்களுக்குள் மோதவிடக் கூடாது என்பது கோச் ஞானமுத்துவின் சட்டம். போட்டி வந்தால் ஒருவனைப் பட்டினி போட்டு எடையைக் குறைத்துக் கீழ்ப்பிரிவில் இறக்கிவிடுவார். அதனால் அவர்கள் மோதியதே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். யார் கேட்டாலும் ஜூடு, "2012 அழகுபாண்டி முன்னாடி எவனும் நிக்க முடியாது மாப்ள" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பான். என்ன பெருந்தன்மை என்று மெச்சுவார்கள். பெருந்தன்மையாவது மண்ணாவது.

இப்போது அழகுபாண்டிக்கு நாற்பத்திரண்டு வயது. டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது. போன மாதம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், சொந்த ஊரான கீழக்குயில்குடிக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் அரை நாள் நின்றிருக்கிறான்.

நரம்பு டாக்டர் அவன் மனைவி நாகஜோதியிடம் ஒரு ஃபாரம் கொடுத்திருந்தார். தலையில் எப்போதெல்லாம் அடிபட்டது, எத்தனை தடவை நினைவு தப்பியது என்று எழுதிவர வேண்டும். அதைப் பார்த்துத்தான் வைத்தியம். அழகுபாண்டிக்கு நேற்றுச் சாப்பிட்டதே நிச்சயமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜூடுவை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"மேட்ச்சுல ரெண்டு தடவ விழுந்தது எனக்குத் தெரியும்ணே. வேற ஏதும் உண்டா?"

ஜூடு அந்த ஃபாரத்தைப் பார்த்தான். இல்லை என்றால் அதோடு போச்சு. உண்டு என்றால் இந்த வாசலை மறுபடி மிதிக்க முடியுமா? கட்டிலில் உட்கார்ந்திருந்த அழகுபாண்டி அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணு இருக்கு தங்கச்சி. 2012ல நாங்க ரெண்டு பேரும் மோதுனோம்."

கோச் ஊருக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், யார் பெரியவன் என்று பார்த்துவிடலாம் என்று ஹால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தலைக்கவசம்கூட வேண்டாம் என்று வீறாப்பு. மூன்றாவது ரவுண்டில் ஜூடுவின் இடது கை காதோரம் இறங்கியது. தண்ணீரை ஊற்றியும் நாலு நிமிடம் அழகுபாண்டி கண் திறக்கவில்லை. எழுந்ததும் ஒரே வாந்தி. மறுவாரம் மாநிலப் போட்டி. ஜெயித்தால் போலீஸ் வேலைக்கு வழியுண்டு. விஷயம் தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று, அவன் அய்யனார் மேலும் இவன் மாதா மேலும் சத்தியம் செய்து மூடிவிட்டார்கள்.

"சும்மா சொல்றான் ஜோதி," என்றான் அழகுபாண்டி. "நாங்க மோதுனதே இல்ல."

சத்தியத்துக்காகச் சொல்லவில்லை, மறந்தே போயிருந்தான். ஜூடுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாகஜோதி, "நாலு நிமிசம்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதி முடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மறுவாரம் அந்த மேட்ச்சுல மூணு ரவுண்டும் தலையிலேயே வாங்குனாருல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லித் தடுத்திருக்கலாம்லண்ணே?"

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அன்னைக்கு அவன் கையில கிளவுஸ் மாட்டிவிட்டதே நான்தாம்மா," என்றான் ஜூடு.