இடது பக்கம் கம்மி

பாட்டுக் கேட்பதற்கான மூன்றாவது பெட்டியும் வந்து இறங்கியது. முதலாவது சோப்பு டப்பா அளவு. இரண்டாவது கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் சொருகும் சவுண்ட் கார்டு. இது செங்கல் அளவு. எது வந்தாலும் என் கணவர் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம். "இடது பக்கம் கம்மியா கேக்குது."

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பகலில் அது என்னுடையது. டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுக் கேட்டு டைப் செய்வது என் வேலை. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அவர் வீடு வந்ததும் அது அவருடைய பாட்டுப்பெட்டி. அவர் புதிதாக ஒன்றை மாட்டினால் மறுநாள் காலையில் என் டாக்டர்கள் ஊமையாகிவிடுவார்கள். சத்தம் எந்த வழியாக வெளியே போகிறது என்று தேடவே எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஃபேன் சுத்துது, கரண்ட் ஓடுது, ஒரே சந்தைக்கடை. அதுக்கு நடுவுல பாட்டு எப்படி சுத்தமா வரும்? வெளிய ஒரு கன்வர்ட்டர் வெச்சு, அங்க சத்தமா மாத்தி ஸ்பீக்கருக்கு அனுப்பணும்" என்றார். வெளியே வைத்து மாற்றினார். இடது பக்கம் கம்மி. யுஎஸ்பி வயர்தான் கெடுக்கிறது என்று இணையத்தில் எவனோ எழுதினான். உடனே உள்ளே சொருகும் கார்டு வந்தது. இடது பக்கம் கம்மி. கார்டில் இருக்கும் சிப் பழசு என்று இன்னொருவன் எழுதினான். இதோ செங்கல்.

கம்மி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாப்பிடும்போது அவருடைய இடது பக்கம் நின்று "இன்னும் கொஞ்சம் போடவா" என்றால் பதில் வராது. வலது பக்கம் வந்து கேட்டால் "போடேன், அதுக்கு ஏன் கத்துற" என்பார். ஆறு மாதமாக, காது டாக்டரிடம் ஒரு நடை போய்வாருங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறேன். வருகிற புதன்கிழமை டிப்போவில் டிரைவர்களுக்கெல்லாம் மருத்துவப் பரிசோதனை. காது கேட்காதவரை வண்டி எடுக்க விடமாட்டார்கள். விடவும் கூடாது, ஒரு டிரிப்புக்கு அறுபது பேர் ஏறுகிற பஸ். இதையெல்லாம் சொன்னால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, "முதல்ல பொட்டி சரியாகட்டும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் வந்தார். ஒன்பது வருடமாக இவருடன் ஒரே பஸ்ஸில் போகிறவர். தன் வீட்டுக் கன்வர்ட்டரை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இரண்டில் எது தேவலை என்று பார்க்க வேண்டுமாம். இவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். கண்டக்டர் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார்.

"இதுல இடது கம்மி" என்றார் இவர். அடுத்ததற்கு, "இதுலயும் கம்மி. ஆனா இது வேற மாதிரி கம்மி."

"கம்மியில என்னண்ணே தினுசு?" என்று கண்டக்டர் தானும் உட்கார்ந்து கேட்டார். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது."

"உனக்கு இன்னும் காது பழகல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வயரை மாத்திப் பாத்துரலாம்" என்றேன்.

பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவதில் வெள்ளை வயர் இடது, சிவப்பு வலது. பெட்டிக்குப் பின்னால் இரண்டையும் இடம் மாற்றிச் சொருகினால், குறை பெட்டியில் இருக்கும்பட்சத்தில் அது வலது பக்கம் போய்விடும். இடதிலேயே நின்றால் பெட்டி மேல் பழி போட முடியாது. இதை எனக்குப் பத்துத் தடவை விளக்கியவரே இவர்தான். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

மேஜைக்குப் பின்னால் போய் எங்கள் செங்கலில் மாட்டியிருந்த இரண்டையும் பிடுங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, கை மட்டும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, வெள்ளையை வெள்ளையிலும் சிவப்பைச் சிவப்பிலும் திரும்பவும் சொருகிவிட்டு "மாத்தியாச்சு" என்றேன்.

பாட்டு ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. "பாத்தியா, வலது பக்கம் போயிடுச்சு" என்றார். "இப்போ வலதுதான் கம்மி. பொட்டிதான்னு நான் சொன்னேன்ல."

"அப்பாடா" என்றார் கண்டக்டர். "அப்ப அதைத் திருப்பி அனுப்பிடுங்கண்ணே." என்னிடம், "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். "நான் வயரை மாத்தவே இல்லீங்க."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

"காதுதான்னு உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?" என்றேன்.

"முதல் பொட்டி வந்தப்பவே."

எனக்கு வந்த கோபத்துக்கு மூன்று பெட்டிகளையும் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். கூடவே அழுகையும் வந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். "அறுபது பேருங்க" என்றேன்.

"இடது பக்கம் வண்டி ஏதாவது வந்தா நம்ம கண்டக்டர் பஸ் கதவைத் தட்டுவான்" என்றார். "மூணு மாசமா தட்டுறான். நான் கேக்கல. அவனா தட்டுறான்."

அந்த மனிதர் எதற்காகத் துண்டில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறை காதில் இல்லை, பெட்டியில்தான் என்று ஆகிவிடாதா என்று அவரும் பார்த்திருக்கிறார்.

"பதினெட்டு வருஷம். பஸ்ஸ விட்டுட்டு நான் என்ன பண்றது?"

"தெரியல. நாளைக்குக் காலைல நீங்க வண்டி எடுக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு போனை எடுத்து டிப்போவுக்கு அடித்து, "நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆள் போடுங்க" என்றார். காரணம் கேட்டிருப்பார்கள். என்னை ஒருமுறை பார்த்தார். காய்ச்சல் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"காது" என்றார். "இடது காது கேக்கல."

அங்கே யாருக்கோ புரியவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.