நாற்பத்தொரு பேருக்கான பாலம்

உலகத் தமிழர் அனைவருக்கும் அறியத்தருவது என்னவென்றால், இலங்கை மலையகத்தில் எண்பது ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன தேயிலை ரயில் பாதையின் கடைசி இரும்புப் பாலம், இந்த ஞாயிற்றுக்கிழமை லண்டன் நேரம் காலை ஒன்பது மணிக்கு, மனித குலத்தின் பொருட்டு மீட்கப்படவிருந்தது. மீட்பவர்கள் லண்டன் லூயிஷாம் பகுதியைச் சேர்ந்த மலை ரயில் மரபுக் காப்புப் பேரவையினர். பேரவையில் உறுப்பினர் முப்பத்து மூன்று பேர். அதில் பதவி இல்லாதவர் இருவர்.

தலைவர் தவராசாவின் பாட்டனார் அந்தப் பாதையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். மற்றவர்களின் பாட்டன்மாரும் அப்படித்தான். ஐந்தே ஐந்து ஸ்டேசன் இருந்த பாதைக்கு இத்தனை ஸ்டேசன் மாஸ்டர் எப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். அதில் மலை, மூடுபனி, எண்பது அடிப் பள்ளத்துக்கு மேலே ஒரு பாலம். நான்காவது வரிசையில் அம்பலவாணன் இருந்தார். அவர் கையிலிருந்த கோப்பையில் தேநீர் இன்னும் குடிக்கப்படாமலே இருந்தது.

பாலம் பத்திரமானது என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அழைப்பிதழில் அவர் பொறியியலாளர். உண்மையில் இருபத்திரண்டு வருடம் லண்டன் நகரசபையின் கவுன்சில் வீடுகளின் சுவர்களில் ஈரம் அளந்தவர். ஒருநாள் மேடையில் யாரோ பொறியியலாளர் என்று அழைத்துப் பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள். போர்த்திய பிறகு மறுப்பது மரியாதையில்லை. பாலத்தை அவர் பார்த்தது வாட்ஸ்அப்பில் வந்த ஏழு படங்களில். அவற்றில் மூன்றில் தவராசாவின் மச்சான் பாலத்தை மறைத்துக்கொண்டு நின்றார். 'ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஏறலாம்' என்று எழுதினார். ஐந்து எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை தவராசாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "பாலத்தில எத்தினை பேர் நிண்டு படம் எடுக்கினம்?"

"நாப்பத்தொண்டு, அண்ணை."

"நான் அஞ்செண்டெல்லோ எழுதினனான்."

"அழைப்பிதழில நாப்பத்தொரு பேர் கிடக்கு. ஆரை விடச் சொல்லுறியள்? போன முறை ஒராளை விட்டதுக்கு அவன் வேற சங்கம் தொடங்கிட்டான். பாலம் தாங்கும் அண்ணை. மனுசர் தாங்க மாட்டினம்."

முப்பத்தெட்டாவது பெயர் வசந்தமலர். லண்டனின் சட்டன் பகுதியில் இருந்து இலங்கைக்கு விடுமுறைக்குப் போயிருந்த அம்பலவாணனின் ஒரே தங்கை. பெயரைச் சேர்க்கச் சொன்னதும் அவரேதான்.

இப்போது திரையில் அழைப்பிதழ்க்காரர்கள் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்பலவாணன் எண்ணினார். பன்னிரண்டு. இருபத்தாறு. முழங்கால் ஒப்பரேசன் காரணமாகப் போகமுடியாத தவராசாவுக்குப் பதிலாக, அவருடைய ஆளுயரப் படத்தை இருவர் தூக்கி வந்தார்கள். நீலச்சேலையில் வசந்தமலர் பாலத்தின் சரிநடுவில் நின்று கை காட்டினாள். அவள் காலடியில் பாவியிருந்த பலகையிலிருந்து ஒரு மரத்துண்டு கழன்று கீழே போனது. அது விழுந்த சத்தத்துக்காக அம்பலவாணன் காத்திருந்தார். சத்தம் வரவேயில்லை.

எழுந்து தவராசாவிடம் போனார். தவராசா மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

"எல்லாரையும் இறக்கு."

"படம் எடுத்து முடியட்டும் அண்ணை."

"இறக்கு, தவராசா. நான் எஞ்சினியர் இல்லை. அந்தப் பாலத்தைக் கண்ணால கண்டதுமில்லை. சுவரில ஈரம் பாத்தவன் நான்."

மண்டபத்தில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பொருளாளர் பியற்றிஸ் மட்டும் கேட்டார். "அப்ப அந்தப் பொன்னாடை?"

மைக் திறந்தே இருந்தது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒலிபெருக்கியில் அத்தனையும் கேட்டுவிட்டது. பாலத்தில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

அங்கே அறிவிப்பாளராக நின்ற தர்சிகன் நிதானம் தவறாதவர். "தயவுசெய்து ஒருவரும் ஓடவேண்டாம். அழைப்பிதழில் உள்ள வரிசைப்படி இறங்குவோம். முதலாவதாக, எங்கள் பெருமதிப்புக்குரிய தலைவர், சமூகச் சுடர், மரபுக் காவலர்..."

முதலாவதாகத் தலைவரின் படம் பாலத்திலிருந்து காப்பாற்றப்பட்டது.

ஒவ்வொருவருக்கும் பட்டங்கள் வாசிக்கப்பட்டன. பதினோராவது ஆளுக்குப் பிறகு தன்னைக் கூப்பிட்டது அவமதிப்பு என்று பன்னிரண்டாவது ஆள் பாலத்தில் நின்றே விளக்கம் கேட்டார். இன்னொரு மரத்துண்டு விழுந்தது. அவர் விளக்கம் கேட்பதை நிறுத்தவில்லை.

அம்பலவாணன் தங்கைக்குப் போன் எடுத்தார். திரையில் அவள் அதைக் காதில் வைப்பது தெரிந்தது.

"பிள்ளை, நீ இறங்கி வா."

"என்னெண்டு அண்ணை? முன்னுக்கு ஆக்கள் நிக்கினம்."

"தள்ளிக்கொண்டு வா."

"தள்ளினா எல்லாரும் ஓடுவினம். இருபத்தொண்டு இப்பதான் போகுது." திரையில் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "அண்ணை, நடுங்குது. என்ர காலோ பாலமோ தெரியேல்லை."

"கீழ பாக்காத. கதைச்சுக்கொண்டிரு."

"என்னத்தைக் கதைக்க? நீங்கள் எஞ்சினியர் எண்டு சட்டன் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான்."

அம்பலவாணன் திரையில் இறங்குவோரைப் பார்த்தார். முப்பது என்று எண்ணினார். முப்பத்தொன்று. மூடுபனி இறங்கித் திரை வெள்ளையானது. பெயர்கள் மட்டும் கேட்டன. போனில் அவள் தேவாரம்போல எதையோ முணுமுணுத்தாள். அவருடைய கோப்பை எப்போது கீழே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

"முப்பத்தெட்டாவதாக, திருமதி வசந்தமலர். பொறியியலாளர் அம்பலவாணன் அவர்களின் சகோதரி."

அவளுடைய காலடிகளைக் காதால் எண்ணினார். பத்து அடி. இருபது அடி. பிறகு போனில், "புல்லில நிக்கிறன்" என்றாள். அழைப்பைத் துண்டித்தாள்.

மிச்ச மூவரும் இறங்கினார்கள். தலைமைப்பீடத்தின் துரித நடவடிக்கையால் நாற்பத்தொரு உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகப் பேரவை அங்கேயே தீர்மானம் நிறைவேற்றியது. அம்பலவாணன் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்பட்டார். மனிதர் கால் வைக்கத் தகாதது என்று பாலம் அறிவிக்கப்பட்டு, இரு முனையிலும் சிவப்பு நாடா கட்டப்பட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நூற்றுப் பத்துப் பேர் நாடாவை விலக்கிவிட்டு, தினமும் போவதுபோல, அந்தப் பாலத்தின் மேலாக வேலைக்குப் போனார்கள்.