புளியில்லாத பத்ரொடை

சேசப்ப பூஜாரி கல்யாணச் சமையல்காரர். ஐந்நூறு பேருக்குக் கொதிக்கும் சாம்பாரில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கி, "இன்னும் அரைப்பிடி உப்பு" என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், கடந்த ஆறு வாரமாகத் தனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதை மட்டும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

மணிக்கட்டில் இருந்தது பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அக்ஷதா வாங்கி அனுப்பிய கடிகாரம். எத்தனை அடி நடந்தார், எவ்வளவு தூங்கினார், எப்போது சாப்பிடலாம், எப்போது கூடாது என்று எல்லாவற்றையும் அது சொல்லும். கல்யாணமான புதிதில் மனைவி ஜலஜாக்ஷி இவற்றில் பாதியைச் சொல்லியிருக்கிறாள். அப்போது அவர் கேட்கவில்லை. அவள் பேட்டரியில் ஓடவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சட்டைப் பொத்தான். வைகாசியில் கார்க்களாவில் ஒரு கல்யாணம். பாயச அண்டா பக்கத்தில் குந்தியிருந்த சேசப்பர் எழுந்தபோது, வயிற்றின் நேர்மேலே இருந்த பொத்தான் இத்தனை வருடப் பொறுமையை இழந்து துள்ளிப் பாயசத்துக்குள் விழுந்தது. ஐந்து பேர் கரண்டி போட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா அதை வாயிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது முந்திரி இல்லை" என்று பந்திக்கே அறிவித்தார்.

அன்றிரவே சேசப்பர் இயற்கை வாழ்வுக்கு மாறினார். கைப்பேசியில் நாலு வைத்தியர்களைப் பிடித்தார். ஒருவர் பச்சைப் பூசணிச்சாறு குடிக்கச் சொன்னார். ஒருவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஒருவர் மாலை ஏழு முதல் மறுநாள் பதினொன்று வரை பல்லில் எதுவும் படக்கூடாது என்றார். நாலாமவர், வெள்ளைத் தாடிக்காரர், புளிப்பு மூட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும் என்றார். நாலு பேரும் ஒருவரையொருவர் மறுத்ததால், எல்லோர் சொன்னதையும் செய்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று சேசப்பர் முடிவு கட்டினார்.

ஆடி மாதத்தில் துளுநாட்டில் கல்யாணம் கிடையாது. மழை கொட்டும். சமையல்காரன் வீட்டில் இருப்பான். காலை எட்டு மணிக்கு ஜலஜாக்ஷி சிவப்பரிசிக் கஞ்சியும் வல்லாரைத் துவையலும் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள்.

"வயிறு கத்துற சத்தம் மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேக்குது. மாடே திரும்பிப் பாக்குது."

"அது பசி இல்லடி. கழிவு வெளியேறுற சத்தம்."

"யாரு சொன்னா?"

"தாடிக்காரர்."

"அவரு வயித்துச் சத்தத்தைப் பத்தி அவரு சொல்லட்டும். உங்க வயித்தைப் பத்தி உங்க வயிறே சொல்லுதே, அது காதுல விழலையா?" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே துவையலை விரலால் வழித்துச் சாப்பிடுவாள். அதில் கொஞ்சம் வன்மம் இருந்தது என்றே சொல்லவேண்டும்.

ஆறு கிலோ குறைந்தது உண்மை. கூடவே கோபம் கூடியது, படியேறினால் கண் இருட்டியது. கடிகாரம் மட்டும் தினமும் பச்சை வெளிச்சம் காட்டி, "அருமை" என்றது.

இப்படியிருக்கும்போதுதான் ஊரில் சேற்று விளையாட்டு வந்தது. ஆடியில் ஒரு ஞாயிறு முழுக்க ஊரே உழுத வயலில் இறங்கிவிடும். ஓட்டம், பந்து, கூத்து எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கயிறிழுப்பு. ஓடைக்குக் கிழக்குக்கரை ஒரு பக்கம், மேற்குக்கரை ஒரு பக்கம். ஜெயித்தவருக்கு ஒரு வாழைத்தார். கிழக்குக்கரைக் கயிற்றின் கடைசி ஆள், அதாவது நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறவர், பதினோரு வருடமாகச் சேசப்பர்தான். வாழ்க்கையில் அவர் வயிற்றை ஊர் மதித்த ஒரே இடம் அது.

அந்த இடத்துக்குத்தான் இந்த வருடம் ஆபத்து வந்தது. கேட்டவன் சொந்த மைத்துனன், ஜலஜாக்ஷியின் தம்பி உமாநாதன். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மூன்று நிறுத்தத்துக்குக் கேட்கும் குரல் என்பதால், வருடாவருடம் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று "ஹோய்... இழு!" என்று தாளம் கூவுகிறவன் அவன்.

"கத்திக் கத்தி அலுத்துப்போச்சு பாவா. இந்த வருஷம் நான் கடைசில நிக்கிறேன். நீங்க இப்போ கொடிக்கயிறு மாதிரி ஆயிட்டீங்க. உங்களை இடுப்புல கட்டினா கயித்துக்குத்தான் ஆபத்து."

"இது இரும்பாயிட்டிருக்கிற உடம்புடா!"

"இரும்பா? புளியைக் கண்டா துருப்பிடிக்கிற இரும்பா?"

அணித்தலைவர் விட்டல மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். சண்டையை விலக்குவதில் அவருக்குச் சம்பளமே உண்டு. "ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் கயித்தைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. மூணு பேர் இழுக்கட்டும். அசையாதவன் கடைசி ஆள். சேசப்பண்ணா, காலைப் பலகாரம் வழக்கம்போல உங்க கையாலதானே?"

"பத்ரொடை" என்றார் சேசப்பர் கம்பீரமாக.

ஆடியில் பத்ரொடை இல்லாத வீடு அங்கே கிடையாது. அரிசியை மிளகாய், தேங்காய், வெல்லம், புளியோடு அரைத்து, சேம்பிலையில் பூசி, அடுக்கி, சுருட்டி, ஆவியில் வேகவைத்து வில்லை போடுவது. இலை பறிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும், சேம்பிலை அரிக்கும், புளிதான் அதை அடக்கும் என்று. ஆனால் குழந்தை தாடிக்காரர் பேச்சைக் கேட்டதில்லை. பதினைந்து பேரின் முப்பது முழங்கால்களும் அவர் கையில் இருந்தன. துருப்பிடித்த முழங்காலோடு யார் கயிறு இழுப்பது? சேசப்பர் புளியை மறக்கவில்லை. டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடி வைத்தார். சத்து போய்விடக்கூடாது என்று வேகவைக்கும் நேரத்தையும் பாதியாக்கினார்.

சனிக்கிழமை மாலை, கூத்து ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜலஜாக்ஷி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ருசி பாத்தீங்களா?"

"மணி ஏழே கால். என் நேரம் முடிஞ்சுபோச்சு."

புளி போட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தீர்களா என்று யாராவது கேட்பார்களா?

ஞாயிறு காலை எட்டரைக்கு வயலோரத்துப் பந்தலில் கூடையைத் திறந்தார். வாசனை அவரையே ஒரு தள்ளு தள்ளியது. பதினாலு பேர் பாய்ந்தார்கள். உமாநாதன் மட்டும் பத்து வில்லை. பெருந்தன்மை பொங்கி, ஒரு தட்டு நிறைய எதிரணிக்கும் கொடுத்தனுப்பினார் சேசப்பர். மேற்குக்கரையின் கடைசி ஆள் பெலிக்ஸ் வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்து நன்றி சொன்னார்.

முதலில் இருமியது விட்டல மாஸ்டர். ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்பார்ந்த ஊர்..." என்றவர், "க்ர்ர்ர்" என்று நின்றார். அடுத்து ஒருவன் கழுத்தைத் தடவினான். இன்னொருவன் நாக்கை வெளியே நீட்டி விரலால் சுரண்டினான். இரண்டு நிமிடத்தில் கிழக்குக்கரை அணி முழுவதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தது. விளையாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்து எங்கிருந்தோ ஒருவர் மேளம் அடித்தார்.

"பாவா," உமாநாதனின் மூன்று நிறுத்தக் குரல் இப்போது பஸ்ஸின் பின்சீட்டைக்கூட எட்டாது. "புளி போட்டீங்களா?"

சேசப்பர் கூடைக்குள் பார்த்தார்.

"அதை விடுங்க. நீங்க ருசியாவது பாத்தீங்களா?"

முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. முகம் சேற்றுக்குள் போய்விடாதா என்றிருந்தது. கூடையில் மிச்சமிருந்த ஒரு வில்லையை எடுத்தார். கடிகாரம் பார்த்தார். இன்னும் இரண்டே கால் மணி நேரம் இருந்தது. வாயில் போட்டார்.

பயத்தில் நாடி எகிற, உடனே கடிகாரம் துடித்தது. அதற்குப் பின்னாலேயே தொண்டையும் துடித்தது. ஆயிரம் எறும்புகள் அணிவகுத்துப் போவது போல ஒரு அரிப்பு. ஆறு வாரமாக எத்தனையோ பேர் சொன்னதைக் கேட்ட சேசப்பருக்கு, தன் உடம்பே நேரில் வந்து, அதுவும் இவ்வளவு தெளிவாக, பேசியது அப்போதுதான்.

கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஜலஜாக்ஷியும் மற்றப் பெண்களும் மதியச் சாப்பாடு ஆக்குகிற கொட்டகைக்கு ஓடினார்.

"ஜலஜா! புளி! வெல்லம்! எங்கே?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அடப்பாவி மனுஷா, புளியையா விட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, திட்டுவதைப் பிறகு சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு உருண்டைப் புளியைத் தூக்கிப் போட்டாள். சேசப்பர் வெந்நீரில் கரைத்தார், வெல்லம் தட்டிப் போட்டார், உப்பு போட்டார். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கினார். இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டு மறுபடி நக்கினார். தொண்டையில் எறும்புகள் கலைந்தன. பழைய சேசப்பர் ஆறு வாரத்துக்குப் பிறகு ஊர் திரும்பியது போல இருந்தது.

அணி வரிசையாக நின்று குடித்தது. அரிப்பு இறங்கியது. ஆனால் யாருக்கும் சரியாகக் குரல் வரவில்லை. அப்போது எதிர்ப்பக்கம் பார்த்தால் பெலிக்ஸ் வேலிக்கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விட்டல மாஸ்டரின் கண் மின்னியது. "அண்ணா," என்று கிசுகிசுத்தார், "நாம ஒண்ணும் செய்யலையே? தட்டுல கொடுத்தோம், சாப்பிட்டாங்க. பத்து நிமிஷத்துல விசில் ஊதிடுறேன்."

சேசப்பர் வயலைப் பார்த்தார், வாழைத்தாரைப் பார்த்தார். பிறகு புளித்தண்ணீர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். "மாஸ்டர், என் பந்தியில சாப்பிட்டவன் தொண்டையைச் சொறிஞ்சுக்கிட்டு எந்திரிக்கக்கூடாது. அது யாரா இருந்தாலும் சரி."

திரும்பி வந்தபோது வயிறு உறுமியது. வெளியேறக் கழிவே இல்லாத அளவுக்கு வயிறு காலி என்பது அவருக்கே தெரிந்தது. ஜலஜாக்ஷி ஒரு கிண்ணம் கஞ்சியும் துவையலும் வைத்தாள். குடித்தார். இன்னொன்று குடித்தார். மூன்றாவதுக்கு அவள் அகப்பையைத் தூக்கினாள். பழைய சேசப்பர் என்றால் ஐந்து வரை போகும்.

அவர் சற்று நின்றார். யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்தார். "போதும்" என்றார்.

"யாரு சொன்னது?"

"வயிறு."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அவர் நீட்டிய கடிகாரத்தை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

வயலில் கயிற்றின் நுனியைச் சேசப்பர் இடுப்பில் சுற்றினார். மூன்று பேர் இழுத்தார்கள். நின்றார். நின்றார்தான், ஆனால் குதிகால் ஒரு சாண் வழுக்கியது அவருக்கு மட்டும் தெரிந்தது. மாஸ்டர் "அசையல, அசையல" என்று கரகரத்தார். பதினோரு வருடத்து மரியாதை.

சேசப்பர் கயிற்றை அவிழ்த்தார்.

"உமா, நீ நில்லு. காலு வழுக்குது. எனக்குத் தெரியுது."

"பாவா, நான் சும்மா கிண்டலுக்கு..." உமாநாதனின் குரல் காற்றாக வந்தது.

"நில்லுடா. உனக்கும் குரல் இல்ல. யாருக்கும் இல்ல. ஒரே ஒரு வில்லை தின்னவன் நான் ஒருத்தன்தான். தாளம் நான் போடுறேன்."

அந்தத் தாளம் அந்த வயல் கேட்டிராதது. எட்டுப் பேர் கம்பு கொடுத்துச் சோற்றண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது சேசப்பர் போடுகிற கூவல் அது. "பிடி... மூச்சை வாங்கு... தூக்கு! பிடி... சூடு, சூடு, பாத்து... தூக்கு!" யார் மூச்சு வாங்குகிறான், யார் கை நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கூவினார். தளரும்போது, "சும்மா நில்லு, இழுக்காதே, நில்லு" என்றார். முதல் இழுப்பு கிழக்குக்கரைக்கு, இரண்டாவது மேற்குக்கரைக்கு. மூன்றாவதில் இரண்டு பக்கமும் அரைமணி நேரம் என்று தோன்றும் அளவுக்கு அசையாமல் நின்றன. கடைசியில் கிழக்குக்கரை ஒரு சாண் வித்தியாசத்தில் மொத்தமாக முகங்குப்புற விழுந்தது.

தோற்றுப்போனார்கள்.

பெலிக்ஸ் வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு நேராகச் சேசப்பரிடம் வந்தார். "அண்ணேரே, அந்தப் புளித்தண்ணி மட்டும் வரலைன்னா நாங்க கயித்தைப் பிடிக்கிற கையால கழுத்தைப் பிடிச்சிட்டிருப்போம்." தாரை வெட்டி, பாதியைப் பந்தலில் வைத்தார். "ஆனா அடுத்த வருஷம் பத்ரொடை அனுப்பினா, முதல்ல நீங்க ஒண்ணு தின்னு காட்டணும் மாராயரே!"

சேற்றிலிருந்து எழுந்துவந்த உமாநாதன் பக்கத்தில் உட்கார்ந்தான். பழத்தை உரித்துக்கொண்டே, "பாவா, அடுத்த வருஷமும் நீங்களே கூவுங்க. அண்டா இறக்குற மாதிரியே" என்றான் கரகரவென்று. சேசப்பர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணில் தெறித்த சேற்றைத் துடைத்தார். இரண்டு கண்ணிலும் தெறித்திருந்தது.

சாயங்காலம் அக்ஷதா கூப்பிட்டாள். "அப்பா! என் போன்ல வந்துச்சு, இன்னைக்குப் பதினெட்டாயிரம் அடி! இதுவரைக்கும் இல்லாத சாதனை. எப்படிப்பா?"

சேசப்பர் நிமிர்ந்து பார்த்தார். பகலெல்லாம் சேற்றில் கூத்தாடிவிட்டு வந்த ஜலஜாக்ஷி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் மினுங்கியது.

"நானா? நான் நின்னுக்கிட்டுதான்மா இருந்தேன்" என்றார் அவர். போனை வைத்துவிட்டு, மனைவியைப் பார்த்து, "பசிக்குதா?" என்று கேட்டார்.

"கைல கட்டியிருக்கேனே, இதைக் கேளுங்க" என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல்.

சேசப்பர் கேட்கவில்லை. கொள்ளு ரசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்து, புளி டப்பாவைத் திறந்தார்.