உப்பில்லாத ஏழு மாதம்

கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, அவளுக்குக் கண் திறக்கவில்லை. தூக்கம் கலைந்துவிட்டது, இமைதான் பிரியவில்லை. தட்டுத் தடுமாறிக் கண்ணாடி முன் போய் நின்று, விரலால் இமையைப் பிரித்துப் பார்த்தால், யாரோ ஊதிவிட்டாற்போல் முகம்.

"இந்த மூஞ்சியோட எப்படிங்க வேலைக்குப் போறது?" என்றாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் அவள்.

புருஷன் வாட்ச் ரிப்பேர்க்காரர். எதையும் கிட்டப் போய்ப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். குனிந்து அவள் கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மாகிட்ட போவோம்" என்றார்.

டாக்டரம்மாவுக்கு அப்போதே அறுபது வயது. ஸ்கேனும் கம்ப்யூட்டரும் வராத காலம். அவள் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து மேல் பாதியை மட்டும் காய்ச்சினார். இரண்டு சொட்டு அமிலம் விட்டார். குழாயின் மேல்பக்கம் திரிந்த பால் மாதிரி வெளுத்துப் போனது.

"உடம்புல நிக்க வேண்டிய சத்தைக் கிட்னி வெளியே விடுது. இதுக்குப் படுக்கைதான் பெரிய மருந்து. நேத்து எவ்வளவு வெளியே போச்சோ, அதுக்கு மேல ரெண்டு டம்ளர். அவ்வளவுதான் இன்னிக்குக் குடிக்கலாம். உப்பைக் கண்ணாலகூடப் பார்க்கக் கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?"

"குழாய் தெளியற வரைக்கும்." தினமும் அவ்வளவு தூரம் வர முடியாதென்று, விளக்கையும் குழாயையும் வாட்ச்காரரிடமே கொடுத்தார். "கை நடுங்காதுல்லப்பா?"

"நடுங்கினா எனக்குச் சோறு கிடைக்காதுங்க."

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அதுதான் வேலை. முதல் வாரம் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஐயோ, குடுங்க, நானே பண்ணிக்கறேன்" என்று போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வாள். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ விலையுயர்ந்த கடிகாரம் கைக்கு வந்த மாதிரி குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "நேத்து பால், இன்னிக்கு மோர். பரவால்லையே, முன்னேறிட்டே!" என்பார். போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

அவரும் உப்பை விட்டுவிட்டார். ஏனென்று கேட்டால், "ஒரு வீட்டுல ரெண்டு சமையலா? யாரால ஆகும்?" என்று மழுப்பிவிடுவார்.

படுக்கையில் விழுந்த மூன்றாம் மாதம், அவளோடு வேலை பார்த்தவள் பார்க்க வந்தாள். போகும்போது, பொழுது போகட்டுமென்று ஒரு பெரிய பொட்டலம் உப்புக்கடலை வைத்துவிட்டுப் போனாள். ஒன்றே ஒன்று என்று இவள் வாயில் போட்டாள். நாக்கு கேட்கவில்லை. அவர் கடைக்குப் போனதும், மத்தியானம் ஒரு கைப்பிடி. இப்படி நாலு நாள்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"வத்திக்கிட்டிருந்த வீக்கம் திரும்பியிருக்கே. யாரு உப்பு குடுத்தது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டார். "நான்தாங்க. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"பாவம் பார்த்தே ஆளைக் கொன்னுடுவே போலிருக்கே! படிச்சவன்தானே நீ?" கால் மணி நேரம் விடாமல் திட்டினார். வாட்ச்காரர் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா போனதும் அவள் கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தலகாணி உறை முழுக்கக் கடலைத் தோலு. முந்தாநாளே பார்த்தேன். நீயே நிறுத்திடுவேன்னு இருந்தேன். தப்புதான், அன்னிக்கே கேட்டிருக்கணும்."

"அதுக்காக நீங்க ஏன் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க?"

"உன்னைத் திட்டினா நீ அழுவே. ஏற்கெனவே வீங்கின மூஞ்சி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மிச்சக் கடலையைத் தானாகவே எடுத்து நீட்டினாள்.

ஏழாம் மாதக் கடைசியில் குழாய் தெளிந்தது. மூன்று நாள் தொடர்ந்து தெளிவாகவே இருந்தது. டாக்டரம்மா தானும் ஒரு தடவை காய்ச்சிப் பார்த்துவிட்டு, "ஒரு சிட்டிகை போட்டுக்கோ" என்றார். அன்று ராத்திரி இருவரும் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கடல்தண்ணி மாதிரி இருக்கே!" என்றார் அவர். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள்.

விளக்கும் குழாயும் வேறொரு நோயாளி வீட்டுக்குப் போயின. மறுநாள் விடிந்ததும் அவர் வழக்கம்போல எழுந்து, கையில் வேலையில்லாமல் ஜன்னலோரம் நின்றார். அவள் எழுந்து மெதுவாக நடந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

"யாரைத் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. பழகிப்போச்சு."

அங்கேயே நின்று குடித்தார்கள். அதன் பிறகு முப்பத்திரண்டு வருஷம் விடியற்காலை அரைமணி நேரம் அவர்கள் இருவருக்கும்தான். பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் "அம்மா" என்று கூப்பிட மாட்டார்கள்.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது பரிசோதனைக்குப் போனால், லேபில் ஒரு பெண் காகிதத் துண்டை நனைத்து ஒரே நிமிஷத்தில் முடிவு சொல்லிவிடுகிறாள். நல்லதுதான். போன தடவை அந்தப் பெண், "முன்னாடி கிட்னியில ஏதாவது பிரச்சனை இருந்ததாம்மா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, ஏழு மாசம்... ரொம்ப நல்ல ஏழு மாசம்" என்று இவள் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.