இன்ஜின் ஒரு நூல் இறங்கியபோது

வீட்டில் அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஆனால் கையில் ஒரு ஸ்பேனர் வந்துவிட்டால் போதும், தனி மிடுக்கு வந்துவிடும். அவர் பழுது பார்த்த மிக்ஸி இன்னும் ஓடுகிறதென்றால் அது மிக்ஸியின் பெருந்தன்மை.

மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. மலையடிவாரத்து ஊர்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை. சொந்த வண்டியோடு அன்று மதியம் மூன்று மணிக்குள் போய் நிற்க வேண்டும்; தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆறு மணி நேரப் பயணம். அதற்காகக் கனமான பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை அவளே தேடி வாங்கியிருந்தாள். வண்டி சாய்ந்தால் இன்ஜினும் காலும் தப்ப வேண்டும், இரண்டு பக்கமும் கார்டு என்கிற இரும்புத் தடுப்பு மாட்டாமல் அது வாசலைத் தாண்டாது என்று இன்ஜினியர் ஒரே பிடியாக நின்றார். மெக்கானிக் மாட்டித் தருகிறேன் என்றபோது, ரெண்டு போல்ட்டுக்கு ஒரு மெக்கானிக்கா என்று கார்டை வீட்டுக்குத் தூக்கி வந்தவரும் அவரேதான்.

காலை ஆறரைக்கு ஷெட்டில் உட்கார்ந்தார். இன்ஜினை ஃபிரேமோடு முன்பக்கம் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். அவற்றின் இடத்தில் கார்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமான புதுப் போல்ட்டுகளைக் கோக்க வேண்டும். ஒன்றை மாற்றி முடித்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். நம்மவர் இரண்டையும் ஒரே மூச்சில் உருவி, துடைத்து, காகிதத்தில் வரிசையாக வைத்தார். வேலை சுத்தமாக இருக்க வேண்டுமாம். 'டக்' என்று சின்னதாய் ஒரு சத்தம் கேட்டது. பிடிமானம் போன இன்ஜின் ஒரு நூல் அளவு கீழே இறங்கிவிட்டது. ஃபிரேமின் துளையும் இன்ஜினின் துளையும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன.

தள்ளிப் பார்த்தார், நெம்பிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மணி ஏழே முக்கால். மெக்கானிக் கடை திறக்கப் பத்து மணியாகும். மகள் தோளில் பையோடு வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. நடுவில் ஒரு நொடி, இவள் போகாமலே இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டுச் சுத்தியலை ஓங்கினார்.

"அதைக் கீழ வைங்க. அடிச்சு எதையும் வரவைக்க முடியாது."

மனைவி. பிரசவ ஆஸ்பத்திரியில் பேறு பார்க்கும் நர்ஸ். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எது எங்கே சிக்கியிருக்கிறது என்று கேட்டாள். அவர் குற்றவாளி மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து கார் ஜாக்கியை வாங்கிவர மகளை அனுப்பினாள். அதை இன்ஜினுக்கு அடியில் வைத்து, நடுவில் ஒரு பலகைத் துண்டு கொடுத்தாள். நான் சொன்னால் மட்டும் திருப்புங்கள், நிறுத்தென்றால் நிறுத்துங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, சுண்டு விரல் நுனியைத் துளையின் வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெதுவா... இன்னும் கொஞ்சம்... ம், அப்படியே. பயப்பட வேணாம், நான் இருக்கேன்."

இன்ஜினிடம் சொல்கிறாளா, தன்னிடம் சொல்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பயம் குறைந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை அவர் அந்த வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அந்த விரல் பார்த்துக்கொண்டிருந்தது. ஜாக்கியைக் கால் சுற்று திருகினாலும் அவள் புருவம் அசைந்தது. அரைக்கால் சுற்று இறக்கச் சொன்னாள், மறுபடி ஏற்றச் சொன்னாள்.

"வருது" என்றாள்.

மறுபக்கத்திலிருந்து மெல்லிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வழிகாட்ட நுழைத்து, இந்தப் பக்கம் போல்ட்டை வைத்து உள்ளங்கையால் தள்ளினாள். சத்தமே இல்லாமல் அது முழுசாக உள்ளே போனது. இன்ஜினியருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனை ஆயிரம் பேர் இந்தக் கை வழியாக உலகத்துக்கு வந்திருப்பார்கள்! முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, இன்றைக்கு டூட்டி எப்படி என்று கேட்டதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோமே என்று நினைத்தார்.

இரண்டாவது போல்ட் இழுபறி இல்லாமல் போனது. இரண்டும் உள்ளே போன பிறகே இறுக்கினார்கள். எட்டே காலுக்கு மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவின் தோளில் ஒரு தட்டு தட்டினாள், கிளம்பிவிட்டாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

பிறகு அவள் பின்கட்டுக் குழாயில் கை கழுவப் போனாள். சோப்பு நழுவி விழுந்தது. எடுத்தாள், மறுபடி நழுவியது. அவர் கிட்டே போய்ப் பார்த்தார். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எப்பவும் இப்படியா?"

"வேலை நடக்கும்போது நடுங்காது. முடிஞ்ச பிறகுதான்" என்றாள் அவள். "அப்பல்லாம் நீங்க ஆபீஸ் விட்டு வர்றதுக்குள்ள நின்னுடும்."

அவர் குழாயை மூடினார். கிரீஸ் பிடித்த அந்த இரண்டு கைகளையும் கிரீஸ் பிடித்த தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டார். நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.